டார்ட் முனை மழுங்கினால்: தேய்ப்பதா, மாற்றுவதா, சும்மா விடுவதா?

எறிந்த டார்ட் போர்டில் நிற்காமல் தெறித்துக் கீழே விழுந்தால், எல்லோரும் முதலில் முனையைத்தான் குறை சொல்வார்கள். பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம் குற்றம் போர்டில் கட்டங்களைப் பிரிக்கும் கம்பியில் இருக்கும், இல்லையென்றால் எறிகிற கையில் இருக்கும். ஆனால் கையைத் திருத்த மாதக்கணக்காகும், புதுப் போர்டு வாங்கக் காசு வேண்டும். முனையைத் தேய்ப்பது மட்டும்தான் டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. அதனால் எல்லோரும் அதில் இறங்குகிறார்கள், தேவைக்கு மேலேயே இறங்குகிறார்கள்.

2025 ஜனவரியில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் 17 வயது லூக் லிட்லர், மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று வென்று டார்ட் ஆட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அதன் பிறகு மும்பையில் எங்கள் செம்பூர் குடியிருப்புச் சொசைட்டி கிளப் ஹவுஸிலும் கேரம் மேஜைக்குப் பின்னால் ஒரு போர்டு வந்து மாட்டிக்கொண்டது. போர்டு புதுசு, தரை பழைய தரை. வெளிநாட்டில் டார்ட் ஆடும் இடங்களில் பெரும்பாலும் கம்பளமோ மரத்தரையோ ரப்பர் பாயோ இருக்கும். நமக்கு விட்ரிஃபைட் டைல்ஸ். அதன்மேல் ஒரு டார்ட் மூக்குக் குப்புற விழுந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு முனை போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். போதாததற்கு ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை இந்த ஊரின் மழை. பையில் வைத்த டார்ட்டை வாரக் கடைசியில் எடுத்தால் முனையில் செம்மண் நிறம் படிந்திருக்கும்.

ஆக, மும்பையில் டார்ட் வைத்திருப்பவர்களுக்கு முனைப் பிரச்சினை கட்டாயம் வரும். என்ன செய்யலாம் என்பதற்கு வழிகள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நான் நெகிழிமுனை (பிளாஸ்டிக் முனை) டார்ட்டுகளையும் எலெக்ட்ரானிக் போர்டுகளையும் இங்கே சேர்க்கவில்லை. அதில் முனை உடைந்தால் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று மாட்ட வேண்டியதுதான், யோசிக்க ஒன்றுமில்லை.

எவ்வளவு கூர் வேண்டும்?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைப் பேசித் தீர்க்க வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான டார்ட்டுகள் மழுங்கிப் போனதால் கெடுவதைவிட, ஊசியாகத் தீட்டியதால்தான் அதிகம் கெடுகின்றன.

இன்றைய நல்ல போர்டு சிசல் எனும் கற்றாழை வகை நாரால் ஆனது. நாரைக் கட்டுக்கட்டாக வெட்டி, வெட்டிய முகம் நம்மைப் பார்க்கும்படி நிறுத்தி, அழுத்தி, வட்டமாக இறுக்கியிருப்பார்கள். இறுகக் கட்டிய ஈர்க்குமாற்றின் அடியில் ஒரு குச்சியைச் செருகினால் ஈர்க்குகள் விலகி வழிவிடும், குச்சியை உருவினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். போர்டிலும் அதே வேலைதான் நடக்கிறது. டார்ட் நாரைத் துளைப்பதில்லை, நார்களுக்கு இடையே நுழைகிறது. அதனால்தான் ஒரே இடத்தில் ஆயிரம் முறை குத்தினாலும் ஓட்டை தெரிவதில்லை.

ஊசிபோல் தீட்டிய முனை என்ன செய்யும்? நாரின் தலையிலேயே இறங்கி அதைப் பிளக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அவ்வளவு மெலிந்த நுனி ஒருமுறை கம்பியில் பட்டாலே மடங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கொக்கியாகிவிடும். அப்புறம் டார்ட்டை உருவும்போதெல்லாம் ஒரு நார் கூடவே வரும். ட்ரிபிள் 20-ஐ (20-ஆம் பகுதியில் மூன்று மடங்கு புள்ளி தரும் சின்னக் கட்டத்தை) சுற்றி முடி கொட்டின தலையாகத் தெரிகிற போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதிப் பாவம் இந்தக் கொக்கிகளைத்தான் சேரும்.

எங்கள் கிளப்பில் ஒரு அண்ணாச்சி உண்டு. திருநெல்வேலிப் பக்கம், மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டார்ட்டை யார் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரல் நகத்தின்மேல் முனையைச் சாய்த்து வைத்து மெல்ல இழுப்பார். "கூரு இருந்தா மட்டும் போதாது தம்பி, பிசிறு இருக்கக் கூடாது. பிசிறுதான் நாரைப் பிச்சு எடுக்கும்" என்பார். நகத்தில் முனை வழுக்கிக்கொண்டே போனால் மழுங்கல். லேசாகப் பிடித்து ஒரு கோடு விழுந்தால் சரி. சட்டென்று கொத்தி நின்றால் கூர் அதிகம், இல்லையென்றால் கொக்கி. சந்தேகமாக இருந்தால் விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சைக் கொஞ்சம் எடுத்து முனையைச் சுற்றிப் பிடித்து உருவிப் பாருங்கள். பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு வந்தால் பிசிறு இருக்கிறது. காசில்லாத சோதனை, தப்பே செய்யாது.

நமக்கு வேண்டியது இதுதான்: கூம்பு வடிவம் நேராக இருக்க வேண்டும், நுனி மட்டும் ஒரு பொட்டளவு உருண்டிருக்க வேண்டும். மழுங்கிய முனை, அதாவது நுனி தட்டையாகிப் போனது, கம்பியில் பட்டால் சறுக்கி உள்ளே போகாமல் மோதித் திரும்பும். அதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறோம். அதற்குமேல் ஒரு இழை கூடத் தேய்க்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் போர்டில் கம்பி உருண்டையாக, ஸ்டேப்பிள் அடித்து உட்கார்ந்திருந்தால், என்ன தேய்த்தாலும் தெறிப்பது ஓரளவுக்குத்தான் குறையும். மெல்லிய பட்டை போன்ற கம்பி பதித்த போர்டுகளில் முனை சறுக்கி உள்ளே போக இடமிருக்கிறது. உருண்டைக் கம்பியில் அந்த இடம் குறைவு. இந்த விஷயத்தில் முனையைவிடப் போர்டுக்குச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தேய்க்கிற வழிகள்

எல்லாவற்றிலும் மலிவானது உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் 400 நம்பர் வாட்டர் பேப்பர் ஒரு தாள் வாங்கினால் ஒரு சொசைட்டிக்கே ஒரு வருஷம் வரும். தாளை மடித்து முனையைச் சுற்றிப் பிடித்து, டார்ட்டைப் பேரலில் (விரல் பிடிக்கும் உலோக நடுப்பகுதியில்) பிடித்துத் திருப்ப வேண்டும். துருவை எடுக்க, பிசிறை எடுக்க, முனையின் உடம்பில் கொஞ்சம் சொரசொரப்பு ஏற்ற, இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் போன வடிவத்தை இது திரும்பக் கொண்டுவராது. விரல் அழுத்தத்துக்குத் தாள் வளைந்து கொடுப்பதால் கூம்பு உருண்டு திரண்டு பென்சில் மொட்டையாகிவிடும். டைல்ஸில் விழுந்து தட்டையான நுனிக்கு உப்புத்தாள் மட்டும் போதாது.

சொரசொரப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முனையில் கோடுகள் எந்தத் திசையில் விழுகின்றன என்பது முக்கியம். டார்ட்டைச் சுழற்றித் தேய்த்தால் வளையம் வளையமாகக் கோடு விழும். அவை நாரைப் பிடித்துக்கொள்ளும், டார்ட் தொங்கி விழாது. நீளவாக்கில் இழுத்துத் தேய்த்தால் கோடுகள் முனையோடு சேர்ந்து ஓடும், பிடிமானம் இருக்காது, உள்ளே போன டார்ட் மெல்லச் சரிந்து வெளியே வரும். புதிதாக வாங்கும் டார்ட்டுகள் சிலவற்றில் முனையில் வளைய வெட்டு இருப்பதற்குக் காரணமே இதுதான். சொரசொரப்பும் மிஞ்சிப் போகக் கூடாது. 400 நம்பர் போதும், 80 நம்பரில் தேய்த்தால் அரம்போல் ஆகி நாரைச் சுரண்டும்.

அடுத்தது டார்ட்டுக்கென்றே விற்கும் சின்னச் சாணைக்கல். சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவுக்கு ஒரு உருளை, நடுவில் குழியோ பள்ளமோ இருக்கும். டார்ட் பெட்டிகளில் சிலசமயம் இலவசமாகவே வருவதால் யாரும் மதிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முனையைக் குழிக்குள் வைத்து, அழுத்தாமல், இரண்டு விரலால் டார்ட்டை முன்னும் பின்னும் உருட்டினால் போதும். கோடுகள் தானாகவே வளையமாக விழும், கூம்பின் கோணம் தப்பாது, அதிகமாகத் தேய்க்க முயன்றாலும் வேகமாகத் தேயாது. மெதுவாக வேலை செய்வதுதான் இதன் பெரிய குணம். குறை என்னவென்றால், நாள்பட்டால் குழி அகன்று போகும், கல்லுக்குள் இரும்புத்தூள் அடைத்துக்கொள்ளும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். குழி முனையைவிடப் பெரிதாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

தச்சர்கள் உளி தீட்டும் இருபக்கக் கார்போரண்டம் கல் இருக்கிறதே, கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் ராஜா. அண்ணாச்சி வேறெதையும் தொடமாட்டார். கல்லின் மெல்லிய பக்கத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முனையின் கூம்பு கல்லில் முழுசாகப் படியும்படி சாய்த்து, டார்ட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிக்கொண்டே கல்லின் நீளத்துக்கு இழுத்துச் செல்வார். உருட்டுவதும் இழுப்பதும் ஒரே வேகத்தில் நடக்கும். கடைசியில் டார்ட்டைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் கல்லில் ஒரு தொடு தொடுவார், அவ்வளவுதான், அந்தத் தொடலில் நுனியின் அதிகப்படிக் கூர் போய்விடும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. நீங்கள் செய்து பார்த்தால் முனையில் மூன்று பட்டை விழுந்து கொட்டாங்குச்சிச் செதில் மாதிரி இருக்கும். கோணலாகத் தேய்ந்த முனையை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. வீட்டில் கத்தி, உளி தீட்டிப் பழகிய கையென்றால் இந்தக் கல்லை எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

அரம், கிரைண்டர், டிரில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். முனையின் கனம் சுமார் 2.3 மில்லிமீட்டர்தான். அரம் நான்கு இழுப்பிலேயே அரை மில்லிமீட்டரை எடுத்துவிடும், அதுவும் ஒரு பக்கமாக. சைக்கிளில் கத்தி சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அவர் கைத்தொழிலில் குறையில்லை, ஆனால் சுழலும் கல்லுக்கு இவ்வளவு மெல்லிய கம்பி தாங்காது. ஒரு நொடியில் சூடேறும். இரும்பு நீலம் பாரித்தால் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்குள் எஃகின் பதம் போயிருக்கும். பதம் போன முனை கூராகத்தான் இருக்கும், முதல் கம்பியிலேயே மடங்கும். டிரில்லில் மாட்டிச் சுழற்றுவதற்கு டார்ட்டின் பேரலை டிரில்லின் வாயான சக்கில் இறுக்க வேண்டும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய பேரலின் பிடிவெட்டில் (விரல் வழுக்காமலிருக்க வெட்டிய கோடுகளில்) மூன்று தாடையின் தழும்பு விழுவதைப் பார்க்க மனசு வருமா?

தேய்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு

அடிக்கடி தேய்த்தால் டார்ட்டின் எடை குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2.3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பியில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தின் எடை சுமார் 0.03 கிராம். 22, 24 கிராம் டார்ட்டில் அது ஒன்றுமே இல்லை. மூன்று டார்ட்டில் ஒன்றின் ஃப்ளைட் (பின்னால் இருக்கும் இறகு) கிழிந்திருந்தால் வரும் வித்தியாசம் இதைவிட அதிகம்.

நீளம்தான் பிரச்சினை. வெளியே தெரியும் முனை வழக்கமாக 32 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைவிட நீளமானதும் குட்டையானதும் உண்டு. தேய்ந்து தேய்ந்து குட்டையானால் டார்ட் உள்ளே இறங்கும் ஆழம் மாறும், முனையில் விரல் வைத்துப் பிடிப்பவர்களுக்குப் பிடியே மாறும். அதைவிடக் கெட்டது, மூன்றும் மூன்று நீளத்தில் இருப்பது. ட்ரிபிள் வளையத்தின் அகலம் வெறும் 8 மில்லிமீட்டர். அதற்குள் மூன்றையும் சேர்த்து வைக்கப் பார்க்கிறவர், மூன்று விதமான டார்ட்டை எறிந்துகொண்டு தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் ஒன்றைத் தேய்த்தால் மூன்றையும் அருகருகே நிறுத்தி நீளம் பார்த்துவிடுங்கள்.

வளைந்த முனையைத் தேய்க்கவே கூடாது. ஷாஃப்டை (பேரலையும் ஃப்ளைட்டையும் இணைக்கும் தண்டை) கழற்றிவிட்டுப் பேரலை மட்டும் கண்ணாடி டீப்பாயில் உருட்டுங்கள். நுனி ஒரே கோட்டில் சுற்றினால் நேர், தள்ளாடினால் வளைவு. வளைந்ததை இடுக்கியால் நிமிர்த்தினால் நிமிர்ந்த மாதிரி தெரியும், அதே இடத்தில் மறுபடி வளையும். மாற்றுவதுதான் வழி.

முனையை மாற்றுவது

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் டைல்ஸ் தரையில் ஆடுகிறவர்களுக்கு, நீண்ட காலத்தில் தேய்ப்பதைவிட இதுதான் லாபம். வழக்கமான டார்ட்டில் முனை பேரலுக்குள் இறுக்கமாகச் சொருகி இருக்கும், பசை எதுவும் கிடையாது. வைஸில் (பட்டறையில் சாமானை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) முனையைப் பிடித்துப் பேரலை அடித்துக் கழற்றி, புதிய முனையை நேராக அழுத்தி இறக்க வேண்டும். இதற்கென்றே கையால் இயக்கும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு ஆளுக்கு அது அதிகச் செலவு, கிளப்பில் எல்லோரும் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் வரவு. முனைகள் மட்டும் மலிவு, மூன்று மூன்றாகப் பொட்டலத்தில் வரும்.

வைஸில் செய்வதென்றால் தாடைகளுக்கு இடையில் அலுமினியத் தகடு வையுங்கள். இடுக்கியால் பேரலைப் பிடித்து முறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். டங்ஸ்டன் கெட்டியானது, ஆனால் அடிபட்டால் நொறுங்கும் குணமும் உண்டு. சுத்த டங்ஸ்டன் உடையும் என்பதால்தான் நிக்கல் போன்றவற்றைக் கலந்து 80, 90, 95 சதவீதம் என்று பேரல் செய்கிறார்கள். பித்தளைப் பேரல் வேறு ரகம், இடுக்கி பட்டாலே பள்ளம் விழும். பித்தளை டார்ட்டுக்கு முனை மாற்றச் செலவு செய்ய வேண்டுமா என்றால், எனக்கு ஒப்பவில்லை. அதன் அடர்த்தி டங்ஸ்டனில் பாதிகூட இல்லை, அதனால் அதே எடைக்குப் பேரல் தடியாக இருக்கும், மூன்றும் ட்ரிபிளுக்குள் இடித்துக்கொள்ளும். கல்லில் தேய்த்துக்கொண்டே ஆடி, தேய்ந்து போகும்போது நல்ல டங்ஸ்டன் செட்டுக்கு மாறிவிடலாம்.

கழற்றி மாட்டும் திருகு முனைகள் கொண்ட டார்ட்டுகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. சின்னச் சாவியால் ஒரு நிமிடத்தில் முனையை மாற்றிவிடலாம். வசதிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு அந்தக் கம்பெனியின் டார்ட்டும் வேண்டும், அந்தக் கம்பெனியின் முனையும் வேண்டும். நம் ஊரில் எல்லா நேரமும் எல்லா நீளமும் கையிருப்பில் இருப்பதில்லை. வாரத்தில் பல நாள் லீக் ஆடுகிறவர், பல நீளங்களை மாற்றி மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர் வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொசைட்டியில் 501 (501-லிருந்து புள்ளியைக் கழித்துக்கொண்டே போகும் ஆட்டம்) ஆடுகிறவருக்கு அந்தக் காசில் ஒரு ரப்பர் பாயும் நல்ல போர்டும் வாங்கிவிடலாம்.

சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான், அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆபீஸ் ரெக்ரியேஷன் அறையில் கிடக்கும் பித்தளை டார்ட்டை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் எறிகிறவர் தேய்க்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை பஞ்சு சோதனை செய்து பிசிறை மட்டும் உப்புத்தாளில் எடுத்தால் போதும். மழுங்கல் அவர் புள்ளியைக் குறைக்காது, பிசிறு மட்டும் எல்லோருடைய போர்டையும் கெடுக்கும்.

மழைக்காலம்

கருப்பு, தங்க நிறப் பூச்சு போட்ட முனைகளை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கல்லில் வைத்த இடத்தில் பூச்சு போய்விடும். உள்ளே இருப்பது வெறும் எஃகு, மும்பைக் காற்றுக்கு அது சர்க்கரை. தீட்டி முடித்ததும் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு எறிந்தால் போர்டில் கறை படியும், முனையும் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் டார்ட் உறைக்குள் ஒன்று போட்டு வையுங்கள். மழையில் நனைந்த பையில் லோக்கல் ரயிலில் ஒரு மணிநேரம் வந்தாலும் தாக்குப் பிடிக்கும்.

பேரலைக் கழுவ, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல்துலக்கியும் வெந்நீரும் போதும். பிடிவெட்டில் கை அழுக்கு அடைத்துக்கொண்டால் விரல் வழுக்கும், அதை நம்மவர்கள் முனைக் குற்றம் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. ஊற வைக்காதீர்கள், முனை துருப்பிடிக்கும். பித்தளைப் பேரலைப் பார்த்தால் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கும் ஆசை நம் வீடுகளில் வரும். பளபளப்பு வரும்தான், ஆனால் புளியின் புளிப்பு எஃகு முனைக்கு விஷம், வெட்டுக்குள் ஒட்டிய சக்கையை எடுப்பதும் கஷ்டம்.

போர்டின் மேல் தண்ணீர் தெளித்தால் ஓட்டை மூடும் என்று ஒரு நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்றால், பழைய காலத்தில் இங்கிலாந்தில் எல்ம் மரப் போர்டுகளைத்தான் பயன்படுத்தினார்கள், மரம் காய்ந்து வெடிக்காமல், ஓட்டை மூட, இரவில் தண்ணீரில் ஊற வைப்பார்கள். 1930-களில் சிசல் போர்டு வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. சிசலில் தண்ணீர் பட்டால் நார் ஊதிப் போர்டு பொங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டுவதும் அதே கேடுதான். உள்சுவரில் மாட்டுங்கள், பின்னால் காற்றோட்டம் இருக்கட்டும். எண் வளையத்தைக் கழற்றிப் போர்டை அவ்வப்போது சுற்றி மாட்டினால் 20-ஆம் பகுதி மட்டும் தேய்வது நிற்கும். 20 எப்போதும் கருப்புப் பகுதியில் இருக்க வேண்டும், அதனால் இரண்டிரண்டு கட்டமாகத்தான் நகர்த்த வேண்டும்.

என் பரிந்துரை

புதிதாக ஆடத் தொடங்கியவருக்கு: குழிச் சாணைக்கல் ஒன்று, 400 நம்பர் தாள் ஒன்று. டார்ட் தரையில் விழுந்த அன்று மட்டும் சாணை, மற்றபடி பஞ்சு சோதனை. ஒழுங்காக டங்ஸ்டன் வைத்து ஆடுகிறவருக்கு: அதே கல், கூடவே ஒரு மாற்று முனைப் பொட்டலம், கிளப்புக்குப் பொதுவாக ஒரு முனை மாற்றும் கருவி. கைப்பழக்கம் இருந்தால் குழிக் கல்லுக்குப் பதில் கார்போரண்டம். திருகு முனை, ஆர்வமும் காசும் சேர்ந்திருப்பவர்களுக்கு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போர்டுக்குக் கீழே ஒரு தடித்த ரப்பர் பாய். எறிகோடு போர்டு முகத்திலிருந்து 2.37 மீட்டர், அந்த நீளம் முழுக்கப் பாய் விரித்தால் நல்லது. முடியாவிட்டால் போர்டுக்கு நேர் கீழே ஒரு மீட்டராவது விரியுங்கள், தெறித்த டார்ட் பெரும்பாலும் அங்கேதான் விழும். பாய் இருக்கிற இடத்தில் கல்லுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். எங்கள் சொசைட்டிக் கமிட்டியில் இதற்கு ஒப்புதல் வாங்கத்தான் அதிக நாளானது.

கார்போரண்டம் கல், வாட்டர் பேப்பர், அலுமினியத் தகடு, ரப்பர் பாய் எல்லாம் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நாக்தேவி தெருவுக்குள் போனால் ஒரே நடையில் முடிந்துவிடும். டார்ட் கல், முனை, ஃப்ளைட் போன்றவற்றுக்கு மெட்ரோ சினிமா பக்கம் தோபி தலாவில் விளையாட்டுச் சாமான் கடைகளை விசாரியுங்கள். முனை வாங்கும்போது உங்கள் பழைய டார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லலாம், முனையின் கனமும் நீளமும் எல்லாச் செட்டிலும் ஒன்றல்ல. நாக்தேவியில் ஞாயிறு கடை பெரும்பாலும் அடைத்திருக்கும், சனிக்கிழமை மதியத்துக்குள் போய்விடுங்கள்.